பெரியவர்கள் நிமிர்ந்து நுழையும் கூடாரம்



விடுமுறை வந்தால் பட்டணத்தின் இரைச்சலை விட்டு இரண்டு நாள் வெளியே போய்வர வேண்டும் என்ற ஆசை இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. மும்பையிலும் புனேயிலும் இருப்பவர்கள் பவனா ஏரிக்கரைக்கும் பண்டார்தராவுக்கும் போகிறார்கள். பெங்களூரில் இருப்பவர்கள் குடகுக்கும், டெல்லியில் இருப்பவர்கள் ரிஷிகேசத்துக்கு அப்பாலுள்ள மலைகளுக்கும் புறப்படுகிறார்கள். அங்கே கூடாரமடித்துத் தங்குவது பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நம்மோடு வசிக்கும் வயது சென்ற தாய் தகப்பனை என்ன செய்வது? அழைத்துச் செல்வதா, வீட்டில் விட்டுச் செல்வதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில் எங்கள் குடும்பம் பவனா ஏரிக்கரைக்குச் சென்றது. லோககட், திகோனா கோட்டைகள் ஏரியைச் சுற்றி நிற்கும் அழகான இடம் அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த தகப்பனாரையும் அழைத்துப் போனோம். அவருக்கு அப்போது எழுபத்துநான்கு வயது. 'நான்கு பேருக்கு' என்று உறையில் அச்சிட்டிருந்த குவிமாடக் கூடாரம் ஒன்றை வாங்கியிருந்தோம். நாங்களும் நான்கு பேர். கணக்குச் சரியாக இருக்கிறது என்று நினைத்தோம்.

அன்றிரவு தகப்பனார் கூடாரத்தின் உட்கோடியில் படுத்திருந்தார். விடியற்காலை மூன்று மணியளவில் அவருக்கு வெளியே போக வேண்டியிருந்தது. வாசலுக்குப் போக வேண்டுமானால் தூங்குகிற பேரப்பிள்ளைகள்மேல் தவழ்ந்துதான் போக வேண்டும். அவர் யாரையும் எழுப்பவில்லை. பொழுது விடியும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் வெளியே வந்தபோது முழங்கால் நிமிரவில்லை. இரண்டு பேர் கைதூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் குறை சொல்லவில்லை. திரும்பி வருகிற வழியில், "அடுத்த தடவை நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்றார். அவ்வளவுதான்.

வயது சென்றவர்கள் நம் மகிழ்ச்சியிலிருந்து விலகிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். சண்டை இல்லை, வருத்தம் இல்லை. "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்ற ஒரு வார்த்தையோடு முடிந்துவிடுகிறது. அவருக்கு வெட்டவெளியில் தூங்குவது புதிதல்ல. தோட்டத்துக் காவலுக்கு எத்தனையோ இரவுகள் நார்க்கட்டிலில் படுத்தவர். நட்சத்திரம் அவருக்குப் பழக்கம். தவழ்ந்து நுழைகிற வாசல்தான் பழக்கமில்லை. குறை அவருடைய வயதில் இல்லை, நாங்கள் வாங்கிய கூடாரத்தில் இருந்தது. அதை உணர்ந்த பிறகு விசாரித்தும் அனுபவித்தும் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கும் எழுதுகிறேன்.

உறையில் எழுதியிருக்கும் எண்ணிக்கை

'நான்கு பேருக்கு' என்று ஒரு கூடாரத்தில் எழுதியிருந்தால் அதன் பொருள் என்ன? நான்கு பேர் தோளோடு தோள் இடிக்க, தரையில் பாய் விரித்துப் படுக்கலாம் என்பதே. ஆள் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டடி அகலம் மட்டுமே கணக்கு. பெட்டிக்கும் பைக்கும், கைத்தடிக்கும் செருப்புக்கும் அதில் இடமில்லை. புரண்டு படுப்பதற்கும் இடமில்லை.

வயது சென்ற கணவன் மனைவி இருவருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மடக்குக் கட்டில் ஒன்றின் அகலம் சுமார் இரண்டேகால் அடி. இரண்டு கட்டில்களுக்கு நாலரை அடி. நடுவே கால் ஊன்றி எழுந்து நிற்க இரண்டடி வழி. சரிந்த சுவரில் தலையும் கையும் உரசாதிருக்க இரு பக்கமும் முக்கால் அடி. மொத்தம் எட்டடி அகலம். நீளவாக்கில் கட்டிலுக்கு ஆறேகால் அடி, பைகளை வைக்க ஒன்றரை அடி, வாசலருகே நின்று உடை மாற்ற இரண்டடி. ஆக ஏறக்குறைய பத்தடி. எட்டுக்குப் பத்து என்ற இந்த அளவு 'ஆறு பேருக்கு' என்று விற்கப்படும் கூடாரங்களில்தான் கிடைக்கிறது. ஆகவே பெரியவர்கள் இருவருக்கு ஆறு பேர் கூடாரம் என்பது ஆடம்பரமல்ல, தேவையான அளவுதான். எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். தரையின் நீள அகலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நிமிர்ந்து நிற்க வேண்டும்

நான்கு பேர் குவிமாடக் கூடாரங்கள் பலவற்றின் உயரம் நடுவிலேயே நாலடி முதல் ஐந்தடிக்குள்தான். ஓரத்துக்கு வரவர அதுவும் குறையும். வாலிபப் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே சட்டை மாற்றிக்கொள்வார்கள். ஆனால் உங்கள் தாயார் சேலை கட்ட வேண்டுமே! கொசுவம் வைத்துச் சொருக நிமிர்ந்து நிற்க வேண்டும், இரு கைகளும் விரிய வேண்டும். நாலரை அடிக் கூடாரத்துக்குள் எந்தப் பெண்ணாலும் சேலை கட்ட முடியாது. அவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல், இரவு உடுத்தியிருந்த கசங்கின சேலையோடே மறுநாளையும் கழித்துவிடுவார்கள். எனவே நடுவில் ஆறடிக்குக் குறையாத உயரம் உள்ளதைத் தேடுங்கள்.

உயரத்தோடு சுவரின் அமைப்பையும் கவனியுங்கள். அறை போன்ற கூடாரத்தில் சுவர்கள் ஏறக்குறைய நேராக நிற்பதால் ஓரம்வரை நடமாடலாம். குவிமாடத்தில் நடுவில் மட்டுமே நிற்கலாம். ஆனால் நேரான சுவருக்கு ஒரு குறையும் உண்டு: காற்று அதில் முட்டி மோதும். குவிமாடத்தின்மேல் காற்று வழுக்கிப் போய்விடும். ஆகவே அறைக் கூடாரத்தைத் திறந்த மேட்டிலோ ஏரியின் விளிம்பிலோ அடிக்காமல், மரங்களோ புதரோ காற்றைத் தடுக்கும் இடத்தில் அடித்து, இழுகயிறுகள் அனைத்தையும் கட்ட வேண்டும்.

வாசற்படியும் இழுகயிறும்

மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி நல்ல கூடாரங்களின் தரைத்துணி நான்கைந்து அங்குலம் தொட்டிபோல மேலே மடிந்து நிற்கும். அது நல்லதுதான். ஆனால் வாசலில் அதுவே ஒரு படியாகிக் காலைத் தட்டும். வாசல் பக்கத்தில் அந்த விளிம்பைக் கீழே மடக்கி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதன் விளிம்பில் வெள்ளை நிறப் பட்டை ஒட்டிவிடுங்கள், இருட்டிலும் தெரியும்.

வாசல் தோள் உயரமாவது இருக்க வேண்டும். இரண்டு வாசல்கள் இருந்தால் மிகவும் நல்லது; யாரும் யாரையும் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஜிப்பின் பிடி சிறியதாயிருந்தால் மூட்டுவலி உள்ள விரல்களால் பிடிக்க முடியாது. அதில் அரையடிக் கயிறு ஒன்றை வளையமாகக் கட்டிவிடுங்கள். ஐந்து ரூபாய்ச் செலவில் தீர்கிற பிரச்சனை இது.

இழுகயிறுகள் இரவில் கண்ணுக்குத் தெரியாத கண்ணிகள். வயதாக ஆகக் கண்கள் இருட்டுக்குப் பழக அதிக நேரம் எடுக்கின்றன. உலக அளவில் விபத்து மரணங்களுக்குச் சாலை விபத்துக்கு அடுத்த பெரிய காரணம் விழுதல் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவற்றில் பெரும்பங்கு வயது முதிர்ந்தவர்களுடையது. ஆகவே ஒவ்வொரு இழுகயிற்றிலும் வெள்ளைத் துணிக்கீற்று ஒன்றைக் கட்டுங்கள். கழிப்பிடம் போகும் பக்கத்தில் இழுகயிறு வராதபடி கூடாரத்தின் வாசலைத் திருப்பி அடியுங்கள்.

தரையில் படுக்க வைக்காதீர்கள்

கூடாரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தரையிலிருந்து எழுந்திருப்பது முழங்கால்வலி உள்ளவர்களுக்குப் பெரும்பாடு. காற்றடித்த மெத்தை மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். அது உட்காரும்போது அமுங்கும். ஊன்றி எழும்பப் பிடிமானம் தராது. இரவு குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்குவதால் விடியற்காலையில் மெத்தை தொய்ந்தும் போகும்.

மடக்குக் கட்டிலே சிறந்தது. அதன் உயரம் வீட்டு நாற்காலியின் உயரத்துக்குக் கிட்ட, அதாவது பதினாறு முதல் பதினெட்டு அங்குலம் இருக்கட்டும். உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது. கட்டில் தாங்கும் எடை எவ்வளவு என்பதையும் கேளுங்கள். கட்டில் கால்கள் தரைத்துணியைக் கிழிக்காதபடி அடியில் ரப்பர்த் துண்டுகளை வையுங்கள்.

ஒரு காரியத்தை மறக்க வேண்டாம். கட்டிலுக்கு அடியில் காற்று ஓடுவதால் முதுகு குளிரும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழே ஒன்று விரிக்காவிட்டால் நடுக்கம் நிற்காது. கட்டில்மேல் நுரைப்பாய் ஒன்றும், அதன்மேல் கம்பளி ஒன்றும் விரியுங்கள். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. சமவெளியில் இருபது டிகிரி இருக்கும் இரவில், இரண்டாயிரம் மீட்டர் உயர மலையில் ஏழு டிகிரிதான் இருக்கும் என்று கணக்கிட்டு ஆயத்தமாகுங்கள்.

மழையும் வியர்க்கும் துணியும்

காலையில் கூடாரத்தின் உட்புறம் நனைந்திருப்பதைக் கண்டு, "ஒழுகுகிற கூடாரத்தைத் தலையில் கட்டிவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு. அநேகமாக அது மழையல்ல, நம்முடைய மூச்சு. தூங்குகிறவர்களின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீர்த்துளியாகிறது. ஒற்றைத் துணிக் கூடாரத்தில் அது படுக்கைமேல் சொட்டும். ஆகையால் உள்ளே வலைத்துணி, வெளியே மழைத்துணி, நடுவே காற்றோடும் இடைவெளி என இரட்டையாக உள்ளதை வாங்குங்கள். மேலே காற்றுத்துவாரமும் கீழே ஒரு துவாரமும் இருந்தால் ஈரம் வெளியேறும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள்.

மழைத்துணியில் 1,500 மி.மீ., 2,000 மி.மீ. என்று ஓர் எண் போட்டிருக்கும். அந்தத் துணியின்மேல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்பது அதன் பொருள். கூரைக்கு 1,500 முதல் 2,000 வரை போதும். நாம் மிதித்து அழுத்துகிற தரைத்துணிக்கு 3,000 இருப்பது நலம். மழைத்துணி உச்சியை மட்டும் மூடாமல் தரைக்கருகே வரை இறங்க வேண்டும். எப்படியானாலும் சகியாத்திரி மலைப்பக்கங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் பெரியவர்களைக் கூடாரத்தில் தங்க வைக்காதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள காலமே ஏற்றது.

யார் அடிப்பது? யார் சுமப்பது?

நிமிர்ந்து நிற்கத்தக்க கூடாரம் கனமாகவே இருக்கும். பத்து கிலோவுக்கு மேலும் வரலாம். வண்டி கூடாரத்தருகே போகும் இடமாகத் தெரிந்துகொள்ளுங்கள். இழைக்கண்ணாடிக் கழிகள் விலை குறைவு. ஆனால் பிளவுபட்டால் சிம்பு கையில் குத்தும். அலுமினியக் கழிகள் இலேசானவை, நெடுநாள் உழைப்பவை.

விரைவில் நிற்கும் கூடாரங்களும் உண்டு. 2005-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நிறுவனமான டெக்காத்லான், வீசி எறிந்தால் தானே விரிந்து நிற்கும் 'இரண்டு விநாடி' கூடாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைப் பின்பற்றிப் பலவும் வந்துவிட்டன. ஆனால் இவ்வகையில் பெரும்பாலானவை உயரம் குறைந்தவை. விரிப்பது சுலபம், மடிப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். பெரியவர்களுக்குப் பொருந்துவது, கழிகள் முன்னமே துணியோடு பொருத்தப்பட்டு, கால்களை நீட்டி மாட்டினால் நின்றுவிடும் அறைக் கூடாரமே. எதை வாங்கினாலும் பிரயாணத்துக்கு முன் மொட்டைமாடியிலோ குடியிருப்பின் வளாகத்திலோ ஒருமுறை அடித்துப் பாருங்கள். காட்டில் இருட்டியபின் கழிகளை எண்ணிக்கொண்டு நிற்பது நல்லதல்ல.

இரவுக்கான ஆயத்தம்

கழிப்பிடம் முப்பது நாற்பது அடி தூரத்துக்குள் இருக்கட்டும். அதற்கும் மேலென்றால், கழிப்பறை இருக்கை பொருத்திய மடக்கு நாற்காலி ஒன்றும் அதை மறைக்கச் சிறு கூடாரம் ஒன்றும் வாங்கிக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் பெரியவர்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அது உடம்புக்குக் கேடு.

கட்டிலின் கையெட்டும் தூரத்தில் ஒரு டார்ச், கைத்தடி, மூக்குக்கண்ணாடி, தண்ணீர் ஆகிய நான்கும் இருக்கட்டும். விழித்தவுடன் எழுந்து நடக்காமல், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள். சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது அதிகம். செருப்பைக் கூடாரத்துக்குள்ளே வைத்து, போடுமுன் உதறிப் பாருங்கள். தேளோ பாம்போ நுழையாதபடி ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் அதைக் கூடாரத்தில் விட்டுவிடக் கூடாது. காலை வெயில் பட்டாலே கூடாரத்துக்குள் அனல் ஏறிவிடும். கிழக்கே நிழல் உள்ள இடமாகப் பார்த்து அடிப்பது அதனால்தான்.

இது எல்லாவற்றிலும் முக்கியம்: குளிருகிறது என்று கரி அடுப்பையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்துக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே மரித்துப்போவார்கள். அணைந்ததுபோல் சாம்பல் பூத்த கரியும் ஆபத்தே. கொசுவர்த்திச் சுருளும் மெழுகுவர்த்தியும் வேண்டாம். நைலான் துணி நொடியில் உருகித் தீப்பிடிக்கும்.

வாங்குமுன் ஒருநாள்

பணம் போட்டு வாங்குவதற்கு முன் வாடகைக் கூடாரத்தில் ஓர் இரவு தங்கிப் பார்ப்பது புத்தியான காரியம். 'சுவிஸ் கூடாரம்' என்று நம் நாட்டு முகாம்களில் சொல்லப்படும் தடித்த துணிக் கூடாரங்களில் பலவற்றில் கட்டிலும், பின்னாலேயே கழிப்பறையும் உண்டு. முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் கேளுங்கள்: நடு உயரம் எவ்வளவு? கட்டில் உண்டா, தரை மெத்தையா? கழிப்பிடம் எத்தனை அடி தூரம்? மேற்கத்திய இருக்கையா? வண்டி எதுவரை வரும்? இரவில் வழியில் விளக்கு எரியுமா? "எல்லா வசதியும் இருக்கிறது" என்ற பதிலோடு திருப்தியடையாதீர்கள்.

கடையில் வாங்குவதானால் பெரியவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். விரித்து வைத்திருக்கும் கூடாரத்தில் அவர்கள் ஐந்து காரியங்களைச் செய்து பார்க்கட்டும்:

1. கையூன்றாமல் உள்ளே நுழைந்து வெளியே வருதல்.
2. உள்ளே நிமிர்ந்து நின்று இரு கைகளையும் விரித்தல்.
3. கட்டிலில் படுத்து, பிறர் உதவியின்றி எழுதல்.
4. ஜிப்பை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் தாங்களே திறந்து மூடுதல்.
5. உட்கார்ந்து செருப்பு மாட்டுதல்.

இதில் ஒன்று முடியாவிட்டாலும், விலை எவ்வளவு குறைந்திருந்தாலும், அந்தக் கூடாரம் அவர்களுக்கானதல்ல.

எங்கள் வீட்டில் அடுத்த கூடாரத்தை வாங்கும்போது தகப்பனாரைக் கடைக்கு அழைத்துப் போனோம். "எனக்கெதுக்கு, வீண் செலவு" என்றுதான் வந்தார். உள்ளே நுழைந்து நிமிர்ந்து நின்றார். கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். எழுந்து, வாசல் ஜிப்பைத் தாமே இரண்டு முறை திறந்து மூடினார். பிறகு எங்களைப் பார்த்து, "எப்போ போறோம்?" என்று கேட்டார்.

அந்த ஜனவரியில் அதே ஏரிக்கரையில் தங்கினோம். இரவில் ஒருமுறை டார்ச் வெளிச்சம் வெளியே போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தேன். அவர் யாரையும் எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. காலையில் நாங்கள் எழும்புவதற்கு முன்பே ஏரிக்கரையில் பேரனோடு நின்று, ஊர்த் தோட்டத்தில் காட்டுப்பன்றியை விரட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் சொல்லக்கூடும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வாசல் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.